'கவுன்ட்' குறைவு என்றதும் கைக்கு வரும் கேப்ஸ்யூல்... ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை உண்மையிலேயே குழந்தை தருமா?

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். சொந்தக்காரர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனால், பந்தியில் உட்காரும் முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்: "என்னம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?"

கேள்வி பெரும்பாலும் பெண்ணிடம்தான் கேட்கப்படும். டெஸ்ட்டும் அவருக்குத்தான் முதலில் நடக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே... எல்லாம் முடிந்து "நார்மல்" என்று வந்த பிறகு, "சரி, அவருக்கும் ஒண்ணு பார்த்துடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வரும். அதில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அருகில் கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி.

அன்று ராத்திரி அந்தக் கணவர் தூங்க மாட்டார். போனில் தேடுவார். மறுநாளிலிருந்து அவர் திறக்கும் ஆப்களில் எல்லாம் விளம்பரங்கள் வரத் தொடங்கும்: கோ-என்சைம் க்யூ10, எல்-கார்னிடைன், லைக்கோபீன், ஜிங்க், செலினியம், வைட்டமின் சி, வைட்டமின் ஈ. "90 நாளில் மாற்றம் தெரியும்" என்ற வாக்குறுதியோடு. ஆர்டர் போட இரண்டு நிமிஷம் போதும். யாருக்கும் தெரியாது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

இந்த மாத்திரைகள் வேலை செய்யுமா? இது பல பெரிய ஆய்வுகளில் நேரடியாகச் சோதிக்கப்பட்ட கேள்வி. அவற்றில் கிடைத்த பதில், விளம்பரம் சொல்வது மாதிரி இல்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

வாழைப்பூவை நறுக்கி அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். அதனால்தான் வீட்டில் மோர் கலந்த தண்ணீரில் போடுவார்கள். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டு நடக்கும் மாற்றம் அது. 'ஆக்ஸிஜனேற்றம்' என்று பள்ளியில் படித்திருப்போம்.

நம் உடலுக்குள்ளும் இதுபோன்ற வினைகள் நடந்துகொண்டே இருக்கின்றன. செல்கள் ஆற்றலை உருவாக்கும்போது, எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளும் பக்கவிளைவாக உருவாகும். அளவுக்கு மீறினால் இவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் சேதப்படுத்தும். இதைக் கட்டுப்படுத்த உடலே சில பொருள்களை வைத்திருக்கிறது. உணவிலிருந்தும் சில கிடைக்கின்றன. இவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். கட்டுப்பாடு தளர்ந்து சேதம் கூடும் நிலைக்கு 'ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்' என்று பெயர்.

விந்தணு இந்த சேதத்துக்குச் சுலபமாக ஆளாகக்கூடிய செல். காரணம் அதன் அமைப்பு. வேகமாக நீந்த வேண்டும் என்பதால் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குறைத்துக்கொண்ட செல். தலையில் டி.என்.ஏ., நடுவில் ஆற்றல் தரும் பகுதி, பின்னால் வால். மற்ற செல்களில் பழுது பார்க்கும் என்சைம்கள் தங்கியிருக்கும் இடம், விந்தணுவில் பெயருக்குத்தான் இருக்கிறது. மேலுறையோ எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பால் ஆனது. புகைபிடித்தல், தொற்று, விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்வது போன்றவை இருந்தால் இந்த சேதம் இன்னும் கூடும்.

அப்போ லாஜிக் சரியாத்தானே இருக்கு?

ஆமாம், லாஜிக் சரிதான். அது பழைய லாஜிக்கும்கூட. 1922-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் எலிகளை வைத்து ஆய்வு செய்தபோது, ஒரு குறிப்பிட்ட சத்து இல்லாவிட்டால் கர்ப்பம் தங்குவதில்லை என்று கண்டார்கள். அந்தச் சத்துதான் பின்னாளில் வைட்டமின் ஈ ஆனது. அதன் வேதிப்பெயர் 'டோகோஃபெரால்'. கிரேக்க மொழியில் 'பிள்ளைப்பேற்றைத் தருவது' என்ற பொருள் வரும் சொற்களிலிருந்து வந்தது. அதாவது, குழந்தைக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள தொடர்பு அதன் பெயரிலேயே இருக்கிறது.

1943-ல் ஜான் மெக்லியாட் என்ற ஆய்வாளர், ஆக்ஸிஜன் அதிகமுள்ள சூழலில் மனித விந்தணுக்கள் நீந்தும் திறனை இழக்கின்றன என்றும், 'கேட்டலேஸ்' என்ற என்சைமைச் சேர்த்தால் அந்த இழப்பைத் தடுக்க முடிகிறது என்றும் காட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் நடந்த லேப் ஆய்வுகள், குழந்தைப்பேறு இல்லாத ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் அதிகமாக இருப்பதைக் காட்டின.

அதனால், "சேதம் இருக்கு, சேதத்தைத் தடுக்கிற பொருளைக் கொடுத்தா சரியாகிடும்" என்று யோசிப்பது இயல்பு.

ஆனால் இதில் ஒரு சிக்கல். அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் வெறும் வில்லன்கள் அல்ல. விந்தணு கருமுட்டையை அடைந்து அதற்குள் நுழையத் தயாராவதற்கு, அவை கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். அடுப்பில் தீ எரிந்தால்தான் சோறு வேகும். கூரையில் பிடித்தால்தான் ஆபத்து. தீயே வேண்டாம் என்று அடுப்பையும் சேர்த்து அணைத்தால் சாப்பாடு இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் அளவுக்கு மீறினாலும் இதே சிக்கல் வரக்கூடும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

லேபில் சரியாக இருக்கும் லாஜிக், வீட்டில் தொட்டில் கட்டும் வரை சரியாக வருமா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதுதான்.

சோதித்துப் பார்த்தபோது என்ன நடந்தது?

இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. இரண்டின் முடிவுகளும் 2020-ல் வெளியாகின. இரண்டிலும், யாருக்கு உண்மையான மாத்திரை, யாருக்கு 'பிளாசிபோ' எனப்படும் டம்மி மாத்திரை என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

முதலாவது, 'மாக்ஸி' ஆய்வு. விந்தணு எண்ணிக்கை, நீந்தும் திறன், வடிவம் அல்லது டி.என்.ஏ. தரம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு குறை இருந்த ஆண்களும் அவர்களின் மனைவிகளுமாக 174 தம்பதிகள் சேர்க்கப்பட்டார்கள். ஆண்களில் ஒரு பிரிவினருக்கு தினமும் வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், செலினியம், எல்-கார்னிடைன் 1,000 மி.கி., ஜிங்க் 20 மி.கி., ஃபோலிக் ஆசிட், லைக்கோபீன் எல்லாம் சேர்ந்த கலவை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் 'ஆல் இன் ஒன்' கேப்ஸ்யூல்கள் பலவற்றிலும் இருப்பது கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். முதல் 3 மாதம் இயற்கையான முயற்சி. அடுத்த 3 மாதம் மனைவிக்கு மாத்திரையும், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. சிகிச்சையும்.

3 மாதம் கழித்துப் பார்த்தபோது நீந்தும் திறன், வடிவம், டி.என்.ஏ. சேதம் என எதிலும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட முன்னேற்றம் இல்லை. எண்ணிக்கையில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது தலைகீழாக, டம்மி மாத்திரை பிரிவுக்குச் சாதகமாக இருந்தது. குழந்தை பிறந்தது எத்தனை பேருக்கு? ஆன்டிஆக்ஸிடன்ட் பிரிவில் 15%. டம்மி மாத்திரை பிரிவில் 24%.

இதை வைத்து "மாத்திரை சாப்பிட்டா வாய்ப்பு குறையும்" என்று முடிவு கட்டக் கூடாது. ஆய்வு சிறியது, இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் "மாத்திரை உதவியது" என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை.

இரண்டாவது ஆய்வு மிகப் பெரியது. குழந்தையின்மைக்கு சிகிச்சை எடுக்கத் திட்டமிட்டிருந்த தம்பதிகளில் 2,370 ஆண்கள். ஒரு பிரிவுக்கு 6 மாதம் தினமும் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி., ஜிங்க் 30 மி.கி. மற்றவர்களுக்கு டம்மி மாத்திரை. முடிவு: மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 34% பேருக்குக் குழந்தை. டம்மி மாத்திரை பிரிவில் 35%. விந்தணுவின் டி.என்.ஏ. சேதம், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது: 29.7%, மற்றவர்களுக்கு 27.2%. வயிற்றுக் கோளாறு, குமட்டல், வாந்தியும் அவர்களுக்குத்தான் அதிகம்.

ஆனா 'நல்ல பலன்'னு சொல்ற ஆய்வுகளும் இருக்கே?

இருக்கின்றன. விளம்பரங்கள் காட்டுவதும் அவற்றைத்தான். அதனால்தான் ஓர் ஆய்வை மட்டும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2022-ல் அதைச் செய்தது. 90 ஆய்வுகள். 10,303 ஆண்கள். 18 வகை ஆன்டிஆக்ஸிடன்ட்கள்.

இதில் கவனிக்க வேண்டிய எண் வேறு. 90 ஆய்வுகளில், "கடைசியில் குழந்தை பிறந்ததா?" என்ற கேள்விக்குப் பதில் தந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை கவுன்ட் ஏறியதா, நீந்தும் திறன் கூடியதா என்று ரிப்போர்ட் எண்களோடு நின்றுவிட்டவை.

அந்த 12 ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், மாத்திரை இல்லாமல் 100 தம்பதிகளில் 16 பேருக்குக் குழந்தை பிறக்கும் என்றால், மாத்திரையோடு அது 17 முதல் 27 வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வு நடத்திய முறையில் பெரிய ஓட்டைகள் இருந்தவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தபோது, குழந்தை பிறப்பில் அந்த லாபம் காணாமல் போனது. ஆதாரத்தின் தரம் "மிகக் குறைவு" என்று காக்ரேனே குறிப்பிட்டது.

அமெரிக்க சிறுநீரகவியல் சங்கமும் இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட ஆண் குழந்தையின்மை வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: இந்த சப்ளிமென்ட்களால் கிடைக்கும் மருத்துவப் பயன் கேள்விக்குரியது, குறிப்பிட்ட ஒன்றைப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரவு இல்லை.

"என் ஃப்ரெண்டு சாப்பிட்டான், ரெண்டே மாசத்துல பாசிட்டிவ்!"

அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டார், குழந்தையும் உருவானது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் ஒன்றால் மற்றது நடந்ததா என்பதுதான் கேள்வி.

மேலே சொன்ன ஆய்வைத் திரும்பப் பாருங்கள். டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 35% பேருக்குக் குழந்தை பிறந்தது. அவர்கள் தினமும் ஒரு மாத்திரையை விழுங்கினார்கள். ஆனால் அதில் மருந்தே இல்லை. இயற்கையாகவும், தம்பதிகள் எடுத்துக்கொண்ட மற்ற சிகிச்சைகளாலும் கிடைத்த குழந்தைகள் அவை. அவர்கள் கையில் இருந்தது நிஜமாகவே ஒரு சப்ளிமென்ட் டப்பாவாக இருந்திருந்தால், பாராட்டு முழுக்க அந்த டப்பாவுக்குத்தான் போயிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விந்தணு எண்ணிக்கை ரத்த வகை மாதிரி மாறாத விஷயம் அல்ல. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். தூக்கம், காய்ச்சல், சாம்பிள் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் இடைவெளி விட்டார், சாம்பிள் முழுவதும் டப்பாவில் விழுந்ததா என்று எல்லாமே கணக்கை மாற்றும். எண் ரொம்பக் குறைவாக வந்த நாளில்தான் ஒருவர் பயந்துபோய் மாத்திரை வாங்குகிறார். அடுத்த டெஸ்ட்டில் அந்த எண் தன்பாட்டுக்குப் பழைய சராசரிக்குத் திரும்பியிருக்கும். "ஏறிடுச்சு பாத்தியா!" என்று தோன்றும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி, கீழ்வரம்புகள் இவை: ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள். மொத்தமாக 3.9 கோடி. அசையும் விந்தணுக்கள் 42%. சரியான வடிவத்தில் இருப்பவை 4%.

கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோவார்கள். "96% விந்தணு சரியில்லையாம்!" பயப்பட வேண்டாம். 4% என்பதே இயல்பின் எல்லைக்குள்தான்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களின் விந்துப் பரிசோதனைகளைத் திரட்டி, அவர்களில் கடைசி 5% எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறார்களோ, அதைத்தான் கோடாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால், அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருந்தால் உத்தரவாதமும் இல்லை. கீழே இருந்தால் கதவு அடைபட்டுவிட்டது என்றும் இல்லை. "கவனித்துப் பார்க்கணும்" என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான்.

இன்னொன்று, கவுன்ட் குறைவு வேறு. 'ஆண்மைக் குறைவு' என்று விளம்பரங்களில் வருவது வேறு. தாம்பத்திய உறவில் எந்தப் பிரச்சினையும் இல்லாதவருக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், பலர் டாக்டரிடம் போவதற்குக் கூச்சப்பட்டு ஆன்லைனில் ரகசியமாக ஆர்டர் போடுகிறார்கள்.

சாப்பிட்டா என்ன நஷ்டம்? வைட்டமின்தானே!

மூன்று நஷ்டங்கள் இருக்கின்றன.

ஒன்று, அளவு. ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான ஜிங்க் சுமார் 11 மி.கி. பெரியவர்களுக்கான பாதுகாப்பான மேல்வரம்பு 40 மி.கி. ஃபெர்ட்டிலிட்டி கேப்ஸ்யூல் ஒன்று, ஜிம்முக்காக ஒரு மல்ட்டிவைட்டமின், முடி கொட்டுவதற்கு இன்னொன்று என்று மூன்றைச் சேர்த்தால் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். ஜிங்க் நீண்ட காலம் அதிகமானால் உடலில் செம்பு குறையும். செலினியம் அதிகமானால் முடி உதிரும், நகம் உடையும். வைட்டமின் ஈ-யும் அப்பாவி இல்லை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த 'செலக்ட்' என்ற அமெரிக்க ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் 17% கூடியது. அதில் இருந்தவர்கள் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள், பல வருஷம் சாப்பிட்டவர்கள். அதனால் மூன்று மாதம் சாப்பிட்ட 30 வயதுக்காரர் பயப்படத் தேவையில்லை. ஆனால் "அதிகமானாலும் ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை தவறு.

இரண்டு, பணம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் ஹெல்த் சப்ளிமென்ட் என்ற பெயரில் விற்கப்படும் பொருளின் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருள்படும் வரி இருக்க வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. சட்டத்தின் பார்வையில் அது உணவு வகை, மருந்து அல்ல. அதாவது, முன்பக்கம் ஒரு குழந்தையின் சிரிப்பு இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில், இது சிகிச்சைக்கானது அல்ல என்று அந்த டப்பாவே சொல்லியிருக்கும்.

மூன்றாவது நஷ்டம்தான் பெரியது. அது நேரம்.

அந்த '90 நாள்' கணக்கு

விதைப்பையில் ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் வரை ஆகும். அதன் பிறகு முதிர்ச்சி அடைந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று செய்யும் எந்த மாற்றமும் ரிப்போர்ட்டில் தெரிய மூன்று மாதம் தேவை. விளம்பரத்தின் '90 நாள்' இங்கிருந்துதான் வருகிறது. அதில் அறிவியல் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், முதல் 90 நாளில் பலன் இல்லை என்றால் "இன்னும் ஒரு கோர்ஸ்" என்று தோன்றும். அடுத்து "வேற பிராண்ட்". இப்படியே ஒரு வருஷம் போய்விடும். அந்த ஒரு வருஷத்தில் மனைவிக்கும் ஒரு வயது கூடியிருக்கும். பெண்ணின் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வயதோடு குறைபவை. 35-க்குப் பிறகு இன்னும் வேகமாக. கணவர் ரகசியமாகச் சாப்பிட்ட மாத்திரைக்கான விலையில் ஒரு பகுதியை மனைவி கட்டுகிறார். பல வீடுகளில் அது அவருக்குத் தெரியவே தெரியாது.

அந்த நேரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கக்கூடிய காரணம் ஒன்று இருந்திருந்தால், இழப்பு இன்னும் பெரிது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வருஷம் முயன்றும் கர்ப்பம் தரிக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் 6 மாதத்திலேயே. இருவருக்கும் ஒரே நேரத்தில் பரிசோதனை ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால், குழந்தையின்மையால் அவதிப்படும் தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது.

*டெஸ்ட்டை முறையாகக் கொடுங்கள்:* 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பிறகு சாம்பிள் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டாலும் லேபில் சொல்லிவிடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால், ஒரு மாத இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

*உடலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்:* விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருப்பதை 'வேரிகோசீல்' என்பார்கள். பொதுவாக ஆண்களில் சுமார் 15% பேருக்கும், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலாகவும் இது காணப்படுகிறது. அனுபவமுள்ள டாக்டர் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார். தேவைப்படுபவர்களுக்கு ஆபரேஷன் மூலம் சரிசெய்யலாம். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல் கேப்ஸ்யூல் வாங்கினால் இது கண்ணில் படாமலே போகும்.

*ஜிம் ஊசி:* உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டீராய்டு எடுப்பவர்கள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "நமக்கு இனி வேலை இல்லை" என்று மூளை விதைப்பைக்குத் தரும் சிக்னலை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி முழுவதுமாக நின்றுவிடவும் கூடும். ஊசியை நிறுத்திய பிறகு மீண்டு வரப் பல மாதங்கள் ஆகலாம். ஆண்மைக்கு நல்லது என்று நினைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி, அப்பா ஆகும் வாய்ப்பையே அடைத்துவிடும்.

*மற்ற மாத்திரைகள்:* முடி உதிர்வுக்கு எடுக்கும் ஃபினாஸ்டெரைடு சிலருக்கு எண்ணிக்கையைக் குறைக்கலாம். குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசீன் மருந்துக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

*விந்தணுவே இல்லை என்றால்:* ரிப்போர்ட்டில் 'ஏ-ஸூஸ்பெர்மியா' என்று வந்தால் கேப்ஸ்யூல் பக்கமே போக வேண்டாம். குழாயில் அடைப்பா, ஹார்மோன் குறைபாடா, மரபணுக் காரணமா என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. காரணத்தைப் பொறுத்து வழிகள் இருக்கின்றன.

*பழக்கவழக்கம்:* சிகரெட்டை நிறுத்துவது, குடியைக் குறைப்பது, தொப்பையைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்கே காரணம் அதற்குச் சில டிகிரி குறைவான வெப்பம் தேவை என்பதுதான். அதனால் மடியில் லேப்டாப்பை வைத்து மணிக்கணக்கில் வேலை செய்வதைத் தவிர்க்கலாம். ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டுமா? நெல்லிக்காய், கொய்யா, தக்காளி, கீரை, மீன், கொட்டை வகைகளில் இருக்கிறது. இவையும் குழந்தைக்கு உத்தரவாதம் தராது. ஆனால் உடம்புக்கு நல்லது, அளவு மீறும் பயமும் இல்லை.

டாக்டரே எழுதிக் கொடுத்தால்?

பல டாக்டர்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். மற்ற பரிசோதனைகள் நடக்கும்போது கூடவே ஒரு சப்ளிமென்ட் எடுப்பதில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு:

"இது எந்தக் காரணத்துக்காக டாக்டர்? என் பிரச்சினைக்குக் காரணம் தெரிஞ்சிடுச்சா?"

"எத்தனை மாசம் எடுக்கணும்? எப்போ நிறுத்திட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்?"

"நான் ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரைகளோட இதைச் சேர்க்கலாமா?"

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான தேதி கிடைக்கவில்லை என்றால், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆரம்பத்தில் பார்த்த அந்த வீட்டுக்கே திரும்புவோம். மனைவியின் எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகுதான் கணவரின் முறை வந்தது. ஆனால் எல்லாவற்றிலும் எளிமையானது அவருடைய டெஸ்ட்தான். ஊசி இல்லை, வலி இல்லை, சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அதை முதல் வாரத்திலேயே செய்திருந்தால், அவர் மனைவிக்கு எத்தனை ஸ்கேன்களும், எத்தனை விசேஷ வீட்டுக் கேள்விகளும் மிச்சமாகியிருக்கும்?

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். டப்பாவை ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதையும் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.